கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தமிழ்நாட்டில் 18 வயது நிறையாத ஒரு பிள்ளை மீது வழக்கு வந்து, ஜாமீன் கிடைக்காவிட்டால், விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து குற்றம் உறுதியானால் அனுப்பக்கூடிய இடம் சிறப்பு இல்லம். இரண்டும் சிறை அல்ல. இரண்டிலும் படிப்பு கட்டாயம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, அதாவது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், கல்வியை இல்லம் தந்தே ஆகவேண்டிய சேவைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கென 2017-ல் தனி விதிகளும் வந்தன. இந்த மாநிலத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. இந்திய மாகாணங்களில் முதலில் வந்த சிறார் சட்டம் 1920-ம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம்தான்.

இந்தப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பழகியதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று. படிப்பு பெரும்பாலும் இல்லத்துக்குள் அறுபடுவதில்லை. உள்ளே போன முதல் இரண்டு வாரத்திலும், வெளியே வந்த முதல் மாதத்திலும்தான் அறுபடுகிறது. பையன் வராததால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள். வெளியே வந்ததும், "இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த அடுத்த வருஷம் வராது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டு இடைவெளிகளுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெற்றோர், தலைமை ஆசிரியர், இல்லத்தில் பாடம் நடத்தப் போகும் தன்னார்வலர் ஆகிய மூன்று பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: பிடித்த அன்றே பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள்

பிள்ளையைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக்கூடாது, சிறைக்கும் அனுப்பக்கூடாது. குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்தது. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

இங்கே வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வயதில் சந்தேகம் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. ஆகவே அம்மாவோ அப்பாவோ அன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை, தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பிறந்த தேதியோடு படிப்புச் சான்று வாங்குவது. பதினேழரை வயதுப் பையனைப் "பத்தொன்பது" என்று எழுதிவிட்டால் அவன் பெரியவர்களின் சிறைக்குப் போய்விடுவான். அந்த ஒரு தாள் அதைத் தடுக்கும்.

சிறார்களுக்கு வழக்கறிஞர் இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சிறார் வழக்கில் ஜாமீன் தருவதுதான் விதி, மறுப்பது விலக்கு. பிள்ளை குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம், அதற்கும் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் மனுவில் படிப்பைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, தேர்வு எப்போது, செய்முறைத் தேர்வு எந்தத் தேதி. "ஏழைக் குடும்பம், இரக்கம் காட்டுங்கள்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும். தேர்வு அட்டவணையின் நகல் சில மனுக்களில்தான் இருக்கும், அதைப் பார்த்தால் யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள்.

இரண்டாம் படி: பதிவேட்டில் பெயர் இருக்கட்டும்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தகவல் பரவியதும் பள்ளியிலிருந்து பெரும்பாலும் ஒரே மாதிரியான பேச்சு வரும். "மத்த பிள்ளைங்க இருக்காங்க இல்லையா... நீங்களே டிசி வாங்கிக்கிட்டா உங்களுக்கும் நல்லது." கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்களாகக் கேட்டு வாங்கியதாக எழுதிக் கொடுத்த மாற்றுச் சான்றிதழைத் திருப்புவது கடினம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பிரிவின் துணை இல்லை. அப்போது குழுமத்தை நாடுங்கள். "என் மகன் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் இருக்க உத்தரவிட வேண்டும்" என்று வழக்கறிஞர் மூலம் மனு கொடுக்கலாம்.

யாரிடம் என்ன சொல்வது? தலைமை ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குக்கூட முழுக் கதையும் தெரியத் தேவையில்லை. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி வாட்சப் குழுவில் யாராவது பையனின் படத்தைப் போட்டிருந்தால், அதை எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவு) பதிவில் இந்தப் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்கு, தள்ளிவிடாதீர்கள். தள்ளிவிட்டால் அவன் கணக்கில் இடைநின்றவன் ஆகிவிடுவான். அப்புறம் அவனை மறுபடி சேர்க்க இன்னொரு பள்ளி தானாக முன்வந்து இழுக்க வேண்டும், வழக்கு உள்ள பையனை அப்படி யார் இழுப்பார்கள்? பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ என்றால் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் போயிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவன் புத்தகப்பையில் கிடக்கும் நோட்டுகளை வாங்கி இல்லத்துக்கு அனுப்பி வையுங்கள். பாதி எழுதிய நோட்டு கையில் இருந்தால் அவன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதைவிட முக்கியமாக, தன்னைப் பள்ளி இன்னும் கைவிடவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் படிப்பைக் கொண்டுவாருங்கள்

முதல் முறை ஆஜர்படுத்திய 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், பள்ளியைப் பற்றியும் கேட்பார். குழுமம் கடைசியில் என்ன முடிவெடுக்கும் என்பதில் இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் வரும்போது பயந்து ஒதுங்காதீர்கள். மதிப்பெண் அட்டை, போட்டிகளில் வாங்கிய சான்றிதழ், பழைய நோட்டு என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். படிப்பை நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். "படிப்பு ஏறல சார்" என்று மட்டும் சொன்னால் அறிக்கையில் "படிப்பில் ஆர்வம் இல்லை" என்று ஏறிவிடும். "ஆறாவதில் அவங்க அப்பா தவறிட்டார், கூலிக்கு மூட்டை தூக்கப் போனான், திரும்பி வந்தப்ப வகுப்பில் ஒண்ணும் புரியல, வாத்தியார் எழுப்பி நிக்க வெச்சார், அதோட போகல" என்று சொன்னால் அதிலிருந்து ஒரு திட்டம் போட முடியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டும். அதில் கல்விக்குத் தனி இடம் உண்டு. "கல்வி வழங்கப்படும்" என்று ஒரு வரியோடு அது நின்றுவிடாமல், எந்த வகுப்புத் தேர்வு, எந்த வழியில், எந்த மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்டால் எழுதுவார்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் வெறும் வரிதான்.

நான்காம் படி: இல்லத்துக்குள் பாடம் நடத்துவது

இது ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும். முதலில் கண்காணிப்பாளரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. "நீ என்ன கேஸ்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் அன்றிலிருந்து அவன் உங்களிடம் கேஸாகத்தான் உட்கார்ந்திருப்பான்.

அங்கே ஒரு வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பதிமூன்று வயதுக்காரனும் பதினேழு வயதுக்காரனும் ஒரே பாயில் இருப்பார்கள். ஒருவன் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் படிப்பான், பக்கத்தில் இருப்பவனுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுத வராது. இன்று வந்தவன் நாளைக்கு ஜாமீனில் போய்விடுவான். இன்னொருவன் மாதக்கணக்கில் இருப்பான், ஏனென்றால் ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் வரவில்லை. காலையில் சிலரைக் குழுமத்துக்கு அழைத்துப்போய்விடுவார்கள். வீட்டார் பார்க்க வரும் நாளில் எவன் மனதும் பாடத்தில் இருக்காது.

இந்த நிலையில் பாடப்புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து வரிசையாக நடத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சேராது. எனக்குத் தெரிந்து பலன் தருவது இரண்டே ஒழுங்குதான். ஒன்று, அன்றைய பாடம் அன்றே முடிய வேண்டும். நாளைக்குத் தொடர்ச்சி என்று எதையும் வைக்கக்கூடாது, நாளைக்கு அவன் இருக்கமாட்டான். இரண்டு, ஒவ்வொருவனுக்கும் ஒரு நோட்டு, அதில் அவன் செய்தது அத்தனையும் தேதியோடு, போகும்போது அது அவன் கையோடு.

வந்த முதல் வாரத்தில் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வுக்கு 2005 முதல் பயன்படுத்தும் தாள் தமிழிலும் உண்டு: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்ற வரிசை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். தனியாக, மற்றவர் காதில் விழாமல் செய்யுங்கள். பதினாறு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு, அது மற்றவர்களுக்குத் தெரியவருவதைவிட அடி வாங்குவது மேல்.

அப்படிப்பட்டவனுக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அணில் படத்தைப் பார்த்ததும் மூடிவிடுவான். அவர்கள் வாயில் நாள் முழுக்க இருக்கும் சொற்களை எடுங்கள். வாய்தா, மனு, வக்கீல், ஜாமீன், விடுதலை. இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், "இதான் சார் வாய்தாவா?" என்று கிட்டே வந்து விரல் வைத்துப் பார்ப்பான். ‘வாய்தா’வில் இருக்கும் ‘வா’, ‘ய்’, ‘தா’ தெரிந்தால் வாய், தாய், வாதா, தாவா என்று அதையே மாற்றி மாற்றிப் போட்டு அவனே படிப்பான். எழுத்து பழகியதும் கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வையுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு. கேட்பது உண்மையான பொருளாக இருக்கட்டும்: கைப்பந்து வலை கிழிந்துவிட்டது, புதிது வேண்டும். எழுதியதைக் கொண்டுபோய் உண்மையிலேயே கொடுக்க வையுங்கள். அதே விண்ணப்பம் எழுதுதல்தான் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலும் கேள்வியாக வருகிறது என்று அப்புறம் சொன்னால் நம்பமாட்டான். வினாத்தாளைக் காட்டுங்கள்.

கணக்கும் அப்படித்தான். மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தவனுக்கு 12-13 ஸ்பேனர் எது, 14-15 எது என்று பார்த்தாலே தெரியும், அந்த எண் மில்லிமீட்டர் என்று தெரியாது. அதில் தொடங்கினால் அளவு, தசமம், பரப்பு என்று ஒரு வாரம் ஓடும். நாள் கூலி, வார வட்டி, பைக் தவணை இவற்றில் சதவீதம் முழுக்க இருக்கிறது. கந்துவட்டிக் கணக்கை முதன்முதலாகத் தாளில் போட்டு, வீட்டில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கும் பையனின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

எழுத்துகள் தொடர்ந்து இடம் மாறுகின்றன, வாயால் நன்றாகச் சொல்பவன் எழுத உட்கார்ந்தால் திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பள்ளியில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள், ‘மக்கு’ என்று விட்டிருப்பார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. அரசு மருத்துவமனைச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளுக்கு விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். இல்லத்தில் இருக்கும்போதே இந்தச் சான்றை வாங்கிவிடுவது சுலபம், வெளியே போனால் அலைச்சல்.

குழுமத்துக்குப் போய்விட்டு ஜாமீன் கிடைக்காமல் திரும்பியவனை அன்று விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்காரட்டும், எழுத வேண்டாம்.

அடி விழும் இடத்தில் படிப்பு இல்லை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-ன் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் தாக்கியதாக வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார்.

பார்க்கப் போகும்போது படிப்பைக் கேட்பதற்கு முன் அடிக்கிறார்களா என்று கேளுங்கள். முகத்தையும் கையையும் பாருங்கள். இல்லத்தில் பிள்ளையை உடல் வருத்தித் தண்டிப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை 3 மாதம்வரை சிறையும் உண்டு. குழுமத்தினர் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவர்களிடம் சொல்லலாம், வழக்கறிஞரிடம் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். ஆசிரியரை மாதக்கணக்கில் நியமிக்காமல் விட்டிருந்தாலும் அதே குழுமத்திடம்தான் முறையிட வேண்டும்.

ஐந்தாம் படி: எந்தத் தேர்வு, எந்த வழி

பிள்ளையின் நிலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாருக்கும் ஒரே வழி சொல்லும் இல்லங்கள் இருக்கின்றன, அதை ஏற்காதீர்கள்.

பள்ளியில் பெயர் இருக்கிறது, இந்த ஆண்டு பொதுத்தேர்வு என்றால் அதை எழுத வைப்பதே முதல் வழி. ஹால் டிக்கெட்டைப் பள்ளியிலிருந்து வாங்குங்கள். தேர்வு நாட்களில் வெளியே அழைத்துப்போகக் குழுமத்தின் உத்தரவை முன்கூட்டியே வாங்குங்கள். கூட வரும் காவலர் சாதாரண உடையில்தான் வர வேண்டும், கைவிலங்கு கூடாது. இதை மனுவிலேயே கேட்டு வாங்குங்கள். காக்கி உடையோடு ஒருவர் தேர்வு மையத்தின் வாசலில் நின்றால், அந்த மூன்று மணி நேரமும் பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இடையில் நின்றவன், எட்டாவதே முடிக்கவில்லை என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் நேரடியாக எழுதலாம். எட்டாவது தேறியவன், பதினான்கரை வயது நிறைந்தவன், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இதில் பலர் தவறவிடுவது அறிவியல் செய்முறை. தனித்தேர்வர் அதற்கென்று முன்பே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவரும், அதற்குள் பதிவுத் தேதி போயிருக்கும்.

சான்றிதழ் எதுவும் கையில் இல்லாதவனுக்கும், எப்போது எங்கே இருப்பான் என்றே தெரியாதவனுக்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ், பொருத்தம். 14 வயது ஆகியிருந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். தமிழிலும் எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஐந்து பாடம் தேறினால் போதும், அதையும் ஐந்து ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக முடிக்கலாம். வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடங்களை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. இல்லத்தில் இருக்கும்போது இரண்டு, வீட்டுக்குப் போனபின் மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். குழுமத் தேதிகளுக்கு நடுவே வாழும் பிள்ளைக்கு இதைவிட இசைவான ஏற்பாடு இல்லை.

தொழில் கற்க நினைப்பவனுக்கு ஐடிஐ. 14 வயது முடிந்தால் சேரலாம். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும். இல்லத்துக்குள்ளேயே சில நாள் நடக்கும் தையல், மெழுகுவத்தி பயிற்சிகளைத் தொழிற்கல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொழுது போகும், கை பழகும், அவ்வளவுதான். வெளியே வேலை தருபவர் மதிக்கும் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்கும் எந்தச் சான்றிதழிலும் இல்லத்தின் பெயரோ முகவரியோ வரக்கூடாது. ஆதார் எடுத்தால் அதிலும் வீட்டு முகவரியே இருக்கட்டும்.

சிறப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டவன் அதிகபட்சம் 3 ஆண்டு இருக்கலாம். அவனுக்கு முழு ஆண்டுப் பாடமாகவே திட்டமிடலாம். 16 வயதுக்கு மேல், கொடுங்குற்ற வழக்கில் ‘பாதுகாப்பு இடம்’ எனப்படும் தனி இல்லத்தில் வைக்கப்பட்டவன் 21 வயதுவரைகூட அங்கே இருக்க நேரலாம். அவனுக்குப் பன்னிரண்டாவதோடு நிறுத்தாமல், 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற தொலைநிலை வழியில் பட்டப்படிப்பும் யோசியுங்கள்.

ஆறாம் படி: வெளியே வரும் நாளுக்கு முன்பே

விடுவிக்கும் உத்தரவு சில நேரம் மதியம் வரும், மாலைக்குள் பிள்ளை வீட்டில் இருப்பான். அன்றைக்குப் போய் சான்றிதழ் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள், நாளைக்கு யாரும் போகமாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே ஒரு உறையில் இவை இருக்கட்டும்: இல்லத்தில் படித்ததற்கான விவரம், தேர்வுப் பதிவு எண், மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண், ஆதார் நகல், மருத்துவச் சான்று, அவன் நோட்டு.

வந்த மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். "கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்பது பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்தக் கொஞ்ச நாளில்தான் பழைய கூட்டாளிகள் வாசலுக்கு வருவார்கள். தலைமை ஆசிரியரை முன்னாடியே பார்த்துப் பேசிவிட்டு, வகுப்பு தொடங்கும் நேரத்தில் எல்லாரோடும் சேர்ந்து உள்ளே போகட்டும். பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவுரை, அலுவலக வாசலில் நிற்க வைப்பது எதுவும் வேண்டாம்.

அதே பள்ளியா, வேறு பள்ளியா? பள்ளிக்குள்ளேயே நடந்த சம்பவம் என்றால், அல்லது எதிர்த்தரப்புப் பிள்ளை அங்கே படித்தால், மாற்றுவது நல்லது. மற்றபடி பழைய பள்ளியே நல்லது என்பது என் எண்ணம். புதுப் பள்ளியில் ஒருநாள் விஷயம் தெரியவரும் என்ற பயத்திலேயே அவன் இருப்பான். பழைய பள்ளியில் தெரிந்தது தெரிந்ததுதான், இரண்டு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும்.

பள்ளி சேர்க்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்து அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த நகலோடு முதன்மைக் கல்வி அலுவலர், அங்கும் நடக்கவில்லை என்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், குழுமம்.

வேறொரு தொல்லையும் வரும். ஊரில் எங்கே சைக்கிள் காணாமல் போனாலும் இவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பள்ளி நேரத்தில் வந்து அழைத்துப்போனால் அதோடு படிப்பு முடிந்தது. ஒரு முறை நடந்தாலும் நன்னடத்தை அலுவலரிடமும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரிடமும் சொல்லிக் குழுமத்தின் பார்வைக்குக் கொண்டுபோங்கள்.

"எவ்வளவு படிச்சாலும் கேஸ் இருக்கே சார், எவன் வேலை தருவான்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உறுதியான பதில் சட்டத்தில் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, சிறுவயதில் குற்றம் உறுதியானதால் எந்தத் தகுதியிழப்பும் வராது, பதிவுகளையும் அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவர்போல் விசாரித்துக் குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்த வழக்கு மட்டும் இதற்கு விலக்கு. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை வெளியே சொல்லக்கூடாது என்கிறது 74-வது பிரிவு. சிறுவயது வழக்கைக் காரணம் காட்டி வேலையை மறுக்கக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது, அதுவும் மத்தியக் காவல் படை வேலைக்கு. இதைப் பாடமாகவே ஒருநாள் வகுப்பில் நடத்தலாம், அவ்வளவு கவனமாக வேறு எதையும் கேட்கமாட்டார்கள்.

பணம் தடையாக இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதியாதரவு பற்றிக் கேளுங்கள். மாதம் 4,000 ரூபாய், தகுதி பார்த்துத் தருவார்கள். இல்லத்திலேயே 18 வயதானவர்களுக்கு, வெளியே வந்தபின் தரும் பிற்காப்பு உதவியும் தனியாக உண்டு.

பள்ளிக்கே போகமாட்டேன் என்றால்

இது நிறைய நடக்கும். பதினாறு வயது, வீட்டில் கடன், கையில் ஏதோ ஒரு தொழில். வற்புறுத்திச் சீருடை மாட்டி அனுப்பினால் ஒரு வாரம் போவான். அதைவிட, 14 வயதுக்கு மேல் ஆபத்தில்லாத வேலைக்குச் சட்டம் இடம் தருவதால், வேலையையும் படிப்பையும் சேர்த்துப் பேசுங்கள். வேலைக்குப் போகட்டும், கூடவே என்ஐஓஎஸ்-ல் பெயர் பதிந்திருக்கட்டும். முதல் தேர்வுக்கு இரண்டே பாடம், அவனுக்கு எது வருமோ அது. பெரும்பாலும் தமிழும் மனையியலும் என்று எடுப்பார்கள், சரி, எடுக்கட்டும். வேலை தருபவரிடம் தேர்வு நாட்களுக்கு மட்டும் விடுப்பு முன்கூட்டியே பேசி வையுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய கடைசித் தேதியை அவனிடம் விட்டுவிடாமல் நீங்கள் குறித்துவைத்து, ஒரு வாரம் முன்பே போன் போட்டு நினைவுபடுத்துங்கள். அந்த போன் அம்மாவோ நன்னடத்தை அலுவலரோ போடலாம், இல்லத்தில் பாடம் நடத்திய நீங்களும் அவன் வீட்டார் சம்மதத்தோடு போடலாம்.